நடுமுதுகில் கிழித்த எருமைத்தோல்

நான் படித்தது நாலாம் வகுப்பு. இன்றைக்கு ஆம்பூரில் என் தோல் யூனிட்டில் கெமிஸ்ட்ரி படித்த மூன்று பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். புது மருந்து எதையாவது சோதிக்க வேண்டுமென்றால், ஒரே தோலை நடுமுதுகில் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதிக்குப் பழையது, மறு பாதிக்குப் புதியது போடச் சொல்வேன். எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். பத்து வயதில் நானே கண்டுபிடித்தது.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி பார்த்தார். அதில் ஊறி மயிர் நீங்கிய தோலை, அம்மாவின் தம்பியான என் மாமா, மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவார். ஒரு சமயம், வந்த தோலில் முக்கால்வாசி மடித்தால் வெடித்தது. மாமா வாங்கிய புதுப் பட்டைதான் காரணம் என்றார் அப்பா. சுண்ணாம்பு ஜாஸ்தி என்றார் மாமா. யார் மேல் தப்போ அவர் வீட்டுக்குப் போகட்டும் என்றார் முதலாளி.

சோதனையை அப்பாவே சொன்னார். தன் குழியிலிருந்து இரண்டு தோல். ஒன்று பழைய பட்டையில், ஒன்று புதுப் பட்டையில். புதுசில் போட்டது மட்டும் வெடித்தால் பட்டை. இரண்டும் வெடித்தால் சுண்ணாம்பு. எல்லோரும் சரியென்றார்கள். நான் சோறு கொண்டுபோனபோது, மாமாவும் முதலாளியும் பக்கத்தில் நிற்க, அப்பா இரண்டையும் சுருட்டித் தயாராக வைத்திருந்தார். பிரித்துத் தடவிப் பார்த்தேன்.

“இன்னாபா, புதுப் பட்டைக்குப் போறது கெழட்டு எருமை. அது எப்டியும் வெடிக்கும். பழசுக்குப் போறது எளசு, அது எதையும் தாங்கிடும். ஒரே தோல ரெண்டாக் கிழிச்சிப் போடு.”

“சோத்த வச்சிட்டுக் கெளம்பு.”

மாமா சிரித்தார். “பதில் சொல்லுங்க மச்சான். உங்க பொண்ணுதான கேக்குது?”

முதலாளி தோலைத் தொட்டுப் பார்த்தார். “பாப்பா சொல்றமாரியே கிழிங்க,” என்றார்.

கிழடும் இல்லாத, இளசும் இல்லாத ஒரு எருமைத்தோலைக் குழியிலிருந்து எடுத்து நடுமுதுகில் கிழித்தார்கள். ஒரே தண்ணீர், ஒரே நாள் கணக்கு. தினமும் போய் நானே எண்ணினேன். கடைசியில் எடுத்து மடித்தபோது இரண்டு பாதியும் ஒரே மாதிரி வெடித்தன.

அன்று அப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் என் கெட்டிக்காரத்தனத்தையே பேசிக்கொண்டு வந்தேன். அவர் உம் கொட்டினார். மறுவாரம் ராணிப்பேட்டைப் பக்கம் வேலை தேடிப் போனார்.

அப்பா கவனிக்காமல் விட்ட ஒரு சின்னத் தப்பை நான் திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவியே மாட்டின் வயசைச் சொல்கிறவருக்கு எது கிழடு, எது இளசு என்று தெரியாமலா இருந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.