வெள்ளிக்கிழமைக் குழம்புக்கு மீன்

தவக்காலத்து வெள்ளிகளில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். அந்த வெள்ளி இரவு மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. மீன் வாங்க ஜான்-டலோன் சந்தைக்குப் புறப்பட்டவளை வாசலில் மறித்தேன்.

"மன்னார்க்காரன் வீட்டிலை காசு குடுத்து மீனோ? ஏரியிலை பிடிச்சுக்கொண்டு வாறன்."

நான் மன்னாரில் பிறந்தது உண்மை. தூண்டிலைத் தொட்டதே இல்லை என்பதும் உண்மை. அங்கே அப்பாவுக்குத் தையல் கடை. அது அவளுக்கும் தெரியும்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, நானும் வாறன். புளி கரைச்சு வைச்சிட்டன். மீன் இல்லாட்டி அண்ணைக்கு நீங்கள்தான் மறுமொழி சொல்லோணும்."

அண்ணன் லேசுப்பட்ட ஆளில்லை. எங்கள் கல்யாணத்தில் என் வேட்டி அவிழ்ந்த கதையை அப்போதும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதுவும் சேர்ந்தால் நான் மொன்றியலை விட்டே ஓட வேண்டியதுதான்.

ஏரி உறைந்து கிடந்தது. மேலே வண்டிகளே நின்றன. வாடகைக்கு எடுத்த துளைப்பானால் ஐஸில் ஓட்டை போட்டு, தூண்டிலைச் சற்றுக் கீழே தொங்கவிட்டேன். குளிருக்கு மீனெல்லாம் வெளிச்சம் தேடி மேலே வரும் என்று அவளுக்கு விளக்கமும் கொடுத்தேன். ஒரு மண்ணும் வரவில்லை. இடம் சரியில்லை என்று தள்ளிப்போய் இன்னொன்று போட்டேன். பிறகு இன்னொன்று. தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"இஞ்சாருங்கோ, பருப்பு ஊறப் போட்டிருக்கலாமோ?" தூரத்திலிருந்து கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சத்தம் போடாதையும், மீன் ஓடியிடும்!"

"ஓடுறதெண்டாலும் முதல் வரோணுமே!"

அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. வடைப் பொட்டலத்தோடு பக்கத்து மரக்குடிலுக்குப் போய், 'பொன்ஜூர்' சொல்லி, அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரியோடு கதைக்கத் தொடங்கிவிட்டாள். கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு வேலை செய்து பழகிய பிரெஞ்சு. வடை முடிந்ததும் நேரே வந்து, நான் கைவிட்ட முதல் ஓட்டைக்குள் தூண்டிலை அடிமட்டும் இறக்கி, தரையில் முட்டியதும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள்.

"ஐயோ, இழுக்குது! ஓடி வாங்கோ!"

ஓடினேன். வழுக்கி விழுந்து, மல்லாந்தபடியே போய்ச் சேர்ந்தேன். அவள் கையில் மஞ்சள் வரி மீன் ஒன்று துள்ளியது. அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும். குழம்புக்கும் பொரியலுக்கும் போதுமான மீன். அவ்வளவும் என் தூண்டிலுக்குக் கீழே, அடியில் சுகமாகப் படுத்திருந்திருக்கின்றன!

இரவு அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மச்சான், உண்மையா நீங்களோ பிடிச்சது?"

மனைவியைப் பார்த்தேன்.

"பின்னை? இவர்தான். நான் சும்மா பக்கத்திலை நிண்டன்" என்று பெரிய மீன் தலையாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று நான் நினைத்து முடிக்கவில்லை, அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வெள்ளியும் வாங்கோ அண்ணை. வெள்ளனவே வந்து இவரோடை ஏரிக்குப் போங்கோ. எப்பிடிப் பிடிக்கிறார் எண்டு கிட்ட நிண்டு பாக்கலாம்."

அண்ணன் உடனே ஓம் என்றார்.