மேலிருந்து எடுத்த படம்

விடுதி மாமா வீட்டு முன்னறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தொலைக்காட்சி இருந்தது. அதில் நாடகமோ செய்தியோ ஓடி நான் பார்த்ததில்லை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எங்கள் விடுதிதான் ஓடிக்கொண்டிருக்கும். வாசல் கேட், மாடிப்படி, தாழ்வாரம், துணி காயப்போடும் மொட்டை மாடி. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா மடியில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகும்போதெல்லாம் கீழே அவர் முறுக்கைக் கடிக்கும் சத்தம் காதில் விழுவதுபோல இருக்கும். உள்ளாடையைச் சுரிதாருக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது. இன்றுவரை போகவில்லை.

அண்ணாமலை நகரில், பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே இருந்த தனியார் பெண்கள் விடுதி அது. மண்ணியல் முதுகலை படிக்க நான் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்திருந்தேன். சேர்ந்த அன்றே, "சார் கீருன்னு கூப்புடாத பாப்பா, மாமான்னு கூப்புடு. நான் என்னா வேத்து ஆளா?" என்றார் அவர். அடுத்த பேச்சே, "போனக் குடு" என்பதுதான். வாங்கி ஒரு செயலியை ஏற்றினார். அன்று முதல் நாங்கள் எங்கே போனாலும் அவருடைய கைபேசியில் ஒரு நீலப் புள்ளி எங்களோடு நகர்ந்தது. யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அறை கிடையாது. மறுக்க நினைத்தவர்களையும் வீட்டார் விடவில்லை. பேருந்து நடத்துநரான என் அப்பா, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கிறதால நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார். மகளின் இருப்பிடம் தெரிந்தால் மகளையே தெரிந்ததாக நம்பிய அப்பாக்கள் அவர்கள்.

என் அறைத்தோழி காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். எங்கள் வகுப்பில் செயற்கைக்கோள் படத்தை அவளைப்போல வாசிப்பவர் யாரும் இல்லை. எனக்கு அந்தப் படங்கள் முதலில் யாரோ சாயத்தைக் கொட்டியதுபோலத்தான் தெரிந்தன. பயிர் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும் என்று பாடத்தில் படித்திருந்தும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவள் என் தலையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். "நேரா போற கோடு மனுசன் வெட்டுனதுடி. வளைஞ்சி போறது தண்ணி வெட்டுனது. நேரா போற கோடு திடீர்னு நின்னுபோச்சின்னா, அங்க எவனோ கைய வெச்சிருக்கான்னு அர்த்தம்" என்பாள். ஐதராபாத்தில் செயற்கைக்கோள் படப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்பு முடிந்ததும் போகவேண்டும். அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தி கற்றுக்கொண்டிருந்தாள்.

நம் விண்கலம் நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய மாலை, மாமா ஒரு அதிசயம் செய்தார். தொலைக்காட்சியிலிருந்து எங்களை எடுத்துவிட்டு நிலாவைப் போட்டார். எல்லோரையும் முன்னறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மாமி கேசரி கிளறியிருந்தார். கோடு ஒன்று வளைந்து இறங்குவதையும் எண்கள் குறைவதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இறங்கிவிட்டது என்றதும் அத்தனை பேரும் கத்தினோம். சில பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தக் கூச்சலுக்கு நடுவே மாமா என் பக்கம் குனிந்தார்.

"நம்ம ஆளுங்க நெலாவுலயே எறங்கிட்டாங்க. ஒன் ரூமு பொண்ணு எங்க எறங்கியிருக்கா தெரியுமா பாப்பா?"

கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடலூர் சில்வர் பீச் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி அசையாமல் நின்றது.

"லைப்ரரின்னு சொல்லிட்டுப் போச்சி. இத்தோட மூணாவது தபா. அவுங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவுங்க வந்துக்கிட்டிருக்காங்க" என்றார். எனக்குக் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டேதான் சொன்னார்.

அவளை எச்சரிக்க நான் வெளியே ஓடிப் பலமுறை அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. அவள் திரும்பியபோது முகம் முழுக்கச் சிரிப்பு. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பீச்சுல உக்காந்து போன்லயே பாத்தோம்டி. எறங்குறப்ப சுண்டல் விக்கிறவரு கூடையக் கீழ வெச்சிட்டு வந்து எங்ககூட நின்னு பாத்தாரு. கை தட்டுனாரு" என்றாள். 'பாத்தோம்' என்றாளே, அந்த இன்னொருவன் கடலூர் முதுநகர்க்காரன். துறைமுகத்தில் வேலை. இந்து. அவர்களுக்குள் அதுவரை நடந்ததெல்லாம் கடற்கரையில் உட்கார்ந்து பேசியதுதான். நான் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் கார் வந்து நின்றது. அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் இறங்கினார்கள். பெரியப்பா அவளை அடித்தபோது மாமா தடுத்தார். "கேமரா முன்னாடி வேணாம், உள்ள வாங்க" என்றார். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அவள் பெட்டியை நான்தான் கட்டினேன். இந்திப் புத்தகத்தை உள்ளே வைத்தேன். அவள் எடுத்து என் கட்டிலில் போட்டுவிட்டாள். அடுத்த மாதமே திருமணம் நடந்தது. பயிற்சிக்கு வேறு யாரோ போனார்கள். அந்த முதுநகர்க்காரன் கொஞ்ச நாள் விடுதி வாசலில் வந்து நின்றான். பிறகு சென்னைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மாமா அந்தக் கதையைப் புதிதாகச் சேரவந்த பெற்றோரிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு விடுதியில் அறை காலியாக இருந்ததே இல்லை. இன்னொன்று கட்டப்போவதாகப் பேச்சு வந்தது.

நான் படிப்பை முடித்துக் கடலூரில் வரைபடம் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். காலையில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். மஞ்சக்குப்பத்தில் இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும் சிறிய தூரத்தில் என்னைப் பார்க்கும் கேமராக்களை இப்போதெல்லாம் நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. விடுதியில் சேர்ந்த புதிதில் கேமராவைப் பார்த்து நான் கூசியபோது, மனிதர்களுக்கு இது பழகிவிடும் என்று மாமா சொன்னது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை அந்தக் கதவு முன்னால் முகத்தைத் தூக்கும்போதும் அவர் நினைவு வந்தது. முள் தைத்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல நானும் அந்த நினைவை ஆறவிடாமல் வைத்திருந்தேன்.

கீரப்பாளையம் பக்கத்து வாய்க்கால்களை வரையும் வேலை ஒருநாள் என் மேசைக்கு வந்தது. சிவப்பு வயல்களுக்கு நடுவே ஒரு வடிகால் வாய்க்கால் கறுப்பு நூல்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. சாலையை நெருங்கும் இடத்தில் அது நின்றுபோயிருந்தது. அதன் மேல் ஒரு நீலத் தகரக் கூரை. அங்கே எவனோ கையை வைத்திருக்கிறான் என்று என் தோழியின் குரலிலேயே எனக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். மாமாவின் புது விடுதி. பெயர்ப்பலகையில் அவர் பெயருக்குக் கீழே 'முழுநேரக் கண்காணிப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது.

சாலையோரமே நின்று சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

பின்னால் வயல் வைத்திருந்த ஒரு அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தேன். வாய்க்கால் அடைபட்ட பிறகு மழைக்கு மழை அவருடைய சம்பா தண்ணீரில் நின்று அழுகிக்கொண்டிருந்தது. எத்தனையோ மனு கொடுத்துவிட்டார். அங்கே வாய்க்காலே இருந்ததில்லை என்று மாமா சாதித்துவந்தார். நான் தேடி எடுத்தவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கக்கூடிய பழைய செயற்கைக்கோள் படங்கள்தான். அலுவலகத்துப் படம் எதையும் நான் தொடவில்லை. ஆண்டு வாரியாக அச்செடுத்து அக்காவின் களத்துமேட்டில் பரப்பிக் காட்டினேன். முதலில் முழு வாய்க்கால். பிறகு மண் கொட்டியது. பிறகு பாதி வாய்க்கால். கடைசியில் கூரை.

"இத்தினியும் மேலேருந்து எடுத்ததா?" என்று கேட்டார். விரலால் வாய்க்காலைத் தொட்டுக்கொண்டே போனார். "நாங்க சொன்னப்ப பொய்யின்னாங்க. இப்ப வானம் சொல்லுது. ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க வைக்கலாங்க்கா."

"ஒனக்கு எதுக்கும்மா இவ்ளோ அக்கற?"

அந்த அக்காவுக்காக நான் செய்தேன் என்று எழுத ஆசைதான். பின்னால் அவருடைய நெல் பிழைத்தது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாய்க்கால் மேல் வேறு யாராவது கட்டியிருந்தால், வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

அக்கா அந்தப் படங்களோடு மறுபடி மனு கொடுத்தார். தாலுகா அலுவலகத்திலிருந்து அளக்க வந்தார்கள். நோட்டீஸ் போனது. மாமா கடலூர் நீதிமன்றத்துக்குப் போனார். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நான் சில வாய்தாக்களில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் இளைத்துக்கொண்டே வந்ததை வாய்தாவுக்கு வாய்தா பார்த்தேன். சட்டைக் கழுத்து அவருக்குப் பெரிதாகிப்போயிருந்தது. படங்கள் முன்னால் அவர் வாதம் நிற்கவில்லை. இடிக்க உத்தரவாயிற்று. பெண்களை முன்கூட்டியே வேறு இடங்களுக்கு மாற்றினார்கள்.

இடித்த அன்று காலையிலேயே போய்விட்டேன். பொக்லைன் முதலில் கூரையைத்தான் பிடித்து இழுத்தது. தகரம் கிழிந்த சத்தத்தில் வயலிலிருந்த கொக்குகள் எழுந்தன. மாமா சாலையோரப் புளிய மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம விருத்தாசலத்துப் பாப்பா! பாத்தியா மாமா கதிய?"

என் அறைத்தோழியின் பெயரைச் சொல்லி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எத்தினி புள்ளைங்க வந்து போச்சி… யாரு?" என்றார். நிலாவில் இறங்கிய நாளைச் சொன்னேன். சில்வர் பீச்சைச் சொன்னேன். "ஆங், அந்தப் புள்ளையா! நல்ல எடத்துல கட்டிக் குடுத்தாங்கல்ல? அன்னிக்கி நான் பாக்கலன்னா அந்தப் புள்ள என்னா ஆயிருக்கும் சொல்லு" என்றார்.

இத்தனை நாளும் நான் சுமந்துகொண்டிருந்தது அவருக்கு நினைவில்கூட இல்லை. நினைவு வந்தபோது பெருமையாக வந்தது. பேருந்தில் வரும்போது சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. இவ்வளவுதான் சொன்னேன்:

"அந்தப் படமெல்லாம் நான் எடுத்துக் குடுத்தது மாமா."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "நீயா?" என்றார். "நான் ஒன்ன என் பொண்ணு மாரி பாத்துக்கிட்டேனே" என்றார். அப்படியே மரத்து வேரின் மேல் உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசிச் சுவர் விழும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நேராகக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். என் தோழி இப்போது அங்கேதான் இருக்கிறாள். கணவர் சிங்கப்பூரில். கூடத்தில் அலமாரி மேல் உருண்டையாக ஒரு கேமரா வைத்திருக்கிறார். ஆள் நடந்தால் அதுவும் தலையைத் திருப்பும். அவள் நடந்தாள், அது திரும்பியது. நான் பேச வாயெடுத்ததும் கண்ணைக் காட்டிவிட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். கேமராவின் கண் அங்கே எட்டாது. குழந்தையின் துணிகள் ஊறிக்கொண்டிருந்த வாளிக்குப் பக்கத்தில் இருவரும் குந்தி உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். நின்றுபோன கோட்டைச் சொன்னபோது மட்டும் அவள் கண்ணில் பழைய வகுப்பறை வெளிச்சம் ஒரு கணம் வந்து போனது. இடித்ததைச் சொன்னேன். அவள் கை வாளித் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டாள்:

"அழுதாரா?"

"அழுதாரு."

"நல்லா அழுதாரா?"

"தரையில குந்திக்கிட்டு அழுதாருடி. துண்ட வாயில வெச்சி அமுக்கிக்கிட்டு."

உள்ளே கூடத்தில் அவள் கைபேசி அடித்தது. கூடத்தில் ஆளைக் காணோம் என்று சிங்கப்பூரிலிருந்து அழைப்பு. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் சோப்பு நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அடிக்கட்டும். நீ மொதல்லேருந்து இன்னொரு தபா சொல்லு. அந்தத் தகரம் கிழிஞ்சத நல்லா சொல்லு" என்றாள்.

முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.