மெஷினை ‘டா’ போட்ட அப்பா

பெரம்பலூரில் என் சித்தப்பா வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பழைய பெட்டி இருந்தது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து போன் வழியாக அதற்குள் நுழையலாம். அறிவிப்புப் பலகை மாதிரி சேதி எழுதிப் போடலாம். சித்தப்பாவே எழுதிய ஆட்டமும் ஆடலாம். படமெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். எல்லோரும் மவுஸும் வண்ணப் படமுமாக மாறிவிட்ட பிறகும் சித்தப்பா அந்தக் கிழட்டுப் பெட்டிகளைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். அதில் ஒன்றை அரியலூரில் எங்கள் வீட்டிலும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

போனது கோபித்துக்கொண்டு. அப்பா நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்த சிமெண்ட் ஆலை வேலையைச் சித்தப்பா இந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்காகப் பாதியில் உதறிவிட்டார். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. பொங்கலுக்கும் அவர் வரவில்லை. தீபாவளிக்காவது வருவாரா என்பதுதான் என் கவலை. அவர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆட்டத்தில், ரயில் நிலையத்தில் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்தார். அவர் லாரி வைத்திருந்தார். டிரைவர்கள் எப்போது கூப்பிட்டாலும் எங்கள் போன் எங்கேஜ்டு.

“போனைப் புடிச்சு வச்சிக்கிட்டு என்னாடி பண்ற?”

“சித்தப்பா எழுதுன கேம்ப்பா. நாம சொன்னா அது செய்யும்.”

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார்: “தயவுசெய்து கதவைத் திறக்கவும்.”

“புரியவில்லை. சுருக்கமாகச் சொல்” என்றது பெட்டி.

“என்னா, ‘சொல்’லுங்குது? மட்டு மரியாதை கெடையாதா?” என்றவர், விடாமல் அதையும் அடித்தார்: “பெரியவங்ககிட்ட பேசுற மொறையா இது?”

திரை சும்மா இருந்தது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி வந்தன. ஒன்று தப்பாக விழுந்து, அழிந்து, மறுபடி வந்தது.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஆட்டத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் “சாப்புட்டியாடா?” என்று அடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை கேட்டவரே மெஷினை ‘டா’ போடுகிறார்! அதற்குத் தெரிந்ததோ போ, எடு, திற என்று ஏதோ கொஞ்சம் வார்த்தைகள்.

“இன்னும் இல்லண்ணே.”

“தீபாவளிக்கு வூட்டுக்கு வா.”

அந்த மாதிரி அறிவிப்புப் பலகையை நடத்துகிறவர், தன் இடத்திலிருந்தே ஆட்டத்தின் நடுவே புகுந்து தன் கையாலேயே பதில் அடிக்கலாம் என்பது நான் காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று, மெஷின் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டது என்றே நம்பினேன். மறுநாள் நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பார்த்தேன். புரியவில்லை என்றுவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் சித்தப்பா வந்து நின்றார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் வேலையாகப் புகார்.

“அப்பாவுக்கு ஆடவே தெரியல சித்தப்பா. கதவத் தொறக்காம மெஷின்கிட்ட போயி சாப்புட்டியான்னு கேக்குறாரு!”

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். சித்தப்பா செருப்பைக் கழற்றக் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. அவ்வளவு மோசமாக ஆடியவரை ஏன் யாருமே கேலி செய்யவில்லை என்று எனக்கு ஒரே எரிச்சல்.