வாசலறையில் பதினோரு நாள்

யாருக்கோ குடல்வாலில் ஆபரேஷன் என்று பேப்பரில் படித்தால் எனக்கு வயிறு வலிக்கும். குடல்வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த நாளில் திட்டமாகத் தெரியாததால் இரண்டு பக்கமும் வலிக்கும். என் சுபாவம் அப்படி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த இருபத்தாறு வயதில், நான் மிகவும் பத்திரமாக வைத்திருந்த பொருள் ஒரு தெர்மாமீட்டர். வாசலறை ஷெல்ஃபில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம். தினமும் இரண்டு பேரையும் தரிசிப்பேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஃப்ளூ வந்தது. உலகத்தையே சுற்றிக்கொண்டு வருகிறது, கப்பலில் வருகிறது என்றெல்லாம் பேப்பரில் போட்டார்கள். கப்பலில் வருவது கொச்சியில் இறங்காமல் போகுமா? என் ஆபீஸ் கொச்சங்காடியில். மாடி ஜன்னலைத் திறந்தால் காயலும் அதற்கு அப்பால் கப்பல்களும் தெரியும். நங்கூரம் போட்ட ஒவ்வொரு கப்பலையும் நான் முறைத்துப் பார்த்தேன். பிறகு ஒருநாள் அதே பேப்பரின் மூலையில், இதற்கு வெளிநாட்டில் தடுப்பூசி தயாராகிறது என்று நாலு வரி வந்தது. அன்றிலிருந்து அதே கப்பல்களை ஆசையாகப் பார்க்கத் தொடங்கினேன். ஊசி மருந்தும் கப்பலில்தானே வந்தாக வேண்டும்.

இந்தத் தடவை என் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. என் மனைவிக்கு ஐந்தாம் மாசம். அதற்கு முந்தின வருஷம் ஒன்று மூன்றாம் மாசத்திலேயே கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை ஜுரம் கிரம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் காதில் அது கட்டளையாக விழுந்தது. எனக்கு ஏதாவது வந்தால் வரட்டும், அவளுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் உடம்பைவிட இன்னொருவர் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் ஃப்ளூவைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. கீழே கிடங்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் மிளகு புடைப்பார்கள். தூசி மாடி வரைக்கும் ஏறும். முதலாளி தும்முவார், தரகர் தும்முவார், தபால் கொண்டுவருகிறவர் படியேறும்போதே தும்முவார். ஒருவருக்கொருவர் பேசுவதைவிட அங்கே தும்முவதுதான் அதிகம். இதில் எந்தத் தும்மல் மிளகுத் தும்மல், எது ஃப்ளூத் தும்மல்? வேலை முடிந்து வரும் வழியில் தினமும் டிஸ்பென்சரியில் நுழைந்து கம்பவுண்டரிடம் இரண்டு கேள்வி கேட்பேன். என் தொண்டை எப்படி இருக்கிறது என்பது ஒன்று, ஊசி வந்துவிட்டதா என்பது மற்றொன்று.

"வந்நில்ல சாமி" என்பார் அவர். தொண்டையைப் பார்க்காமலே இரண்டுக்கும் சேர்த்து அதே பதில்தான்.

ஆடி மாச மழையில் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது, கிடங்கை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, எங்கள் தெருமுனையில் ஏழு தும்மல் தும்மினேன். எண்ணினேன், ஏழு. இங்கே மிளகு கிடையாது. வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"நான் உள்ள வரலை. எனக்கு ஃப்ளூவா இருக்கலாம். ஊசி வரவரைக்கும் நான் வாசலறையிலதான் இருக்கப்போறேன்."

எங்களுடையது சின்ன வீடு. வாசலறை, நடுவில் ஒரு அறை, சமையலறை, பின்னால் கிணறு. எங்கள் வீடுகளில் பெண்கள் மாசத்தில் மூன்று நாள் தூரம் என்று விலகி உட்காருகிற வழக்கம் அப்போது கறாராக இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கான இடம் அந்த வாசலறைதான். அதற்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அந்த மூன்று நாளும் நான் சமைத்து, தட்டை எட்ட வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள். அதே பாயையும் தட்டையும் சொம்பையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு இப்போ அஞ்சு மாசமா லீவு. அந்த ஜோலிய நீங்க ஏத்துண்டேளாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூணு நாளா, இல்லை மாசக் கணக்கா?"

நான் சிரிக்கவில்லை. ஒரு மனுஷன் தியாகம் செய்யும்போது சிரித்தால் கோபம் வராதா? மறுநாள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எந்தா ஓய், தூரமா?" என்று விசாரித்தார். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், முதல் ஐந்து நாளும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆபீஸுக்குப் போவேன், வருவேன், கைகால் கழுவிக்கொண்டு என் பாயில் உட்காருவேன். ஓட்டில் மழை கொட்டும். அவள் நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் நாலடி தள்ளி ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமாகி அவ்வளவு நாளில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. பாலக்காட்டில் தன் அண்ணன்களோடு ஆற்றில் குதித்த கதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். பிறக்கப்போகிற குழந்தைக்குப் பேர் தேடினோம். நான் சொன்ன பேர்களையெல்லாம் அவள் தள்ளினாள். தள்ளும்போது அவள் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. நல்லவேளை ஃப்ளூ வந்தது என்றுகூட ஒருதரம் நினைத்து, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தபோது நடுக்கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏன்னா, யோசிச்சுப் பாத்தா நீங்க சொல்றதுதான் சரி. இனிமே கதவை சாத்தியே வெச்சுக்கலாம். தட்டை வெச்சுட்டு ரெண்டு தட்டு தட்டறேன். அப்பறமா நீங்க திறந்து எடுத்துக்கோங்கோ. பேச்சும் வேண்டாம், மூச்சுக்காத்து ஆகாதுன்னு நீங்கதானே சொன்னேள்."

கடைசியில் இவளுக்கும் புத்தி வந்ததே என்று மகிழ்ந்துபோனேன். கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனால் தாய்க்கும் குழந்தைக்கும் இதுதான் பத்திரம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள்தான் அந்தப் பயங்கரத்தைக் கவனித்தேன். ரசம் புளிக்கவில்லை. வாயில் பெருங்காயமும் பச்சைமிளகாயும் மட்டும்தான் தெரிந்தன. மறுநாளும் அப்படியே. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு நாக்கை நீட்டிப் பார்த்தேன். சந்தேகமில்லை, என் நாக்குக்குப் புளிப்பு தெரியாமல் போய்விட்டது. டிஸ்பென்சரிக்குப் போய்க் கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் ஒரு எலுமிச்சம்பழத் துண்டைக் கொடுத்தார். அது புளித்தது. கூசிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். எலுமிச்சைப் புளிப்பு வேறு, ரசத்தின் புளிப்பு வேறு என்று அவரிடம் கால் மணி நேரம் வாதாடினேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தெர்மாமீட்டரை எடுத்தேன். நான் எப்போதும் ஜுரம் பார்த்து முடித்ததும் உதறி, பாதரசத்தை இறக்கிவிட்டுத்தான் உறையில் போடுவேன். அதனால் திரும்பப் பார்க்காமல் வாயில் வைத்துக்கொண்டேன். எடுத்துப் பார்த்தால் நூற்று மூன்று.

அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது, கண் எரிந்தது, முதுகு குளிர்ந்தது. நடுக்கதவுப் பக்கம் பார்த்தேன். இவளிடம் சொல்லிக் கலவரப்படுத்தக் கூடாது. குடையை எடுத்துக்கொண்டு மழையில் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். நூற்று மூன்று ஜுரத்தில் ஒருவன் அவ்வளவு வேகமாக ஓட முடியுமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கம்பவுண்டர் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார். நாலு உதறு உதறி என் நாக்குக்கு அடியில் வைத்தார். எடுத்துப் படித்தார்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. சாமிக்கு ஒரு சுக்கும் இல்ல. இது உதறாம வெச்சதாக்கும்."

"நான் உதறாமல் வைக்கவே மாட்டேன்" என்றேன் ரோஷமாக.

"எந்நாப் பின்னெ வேற யாராவது எடுத்து வெச்சிருப்பா" என்றார் அவர், அடுத்த சீசாவைக் கழுவிக்கொண்டே.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. எனக்கு ஜுரம் இல்லை என்ற சந்தோஷத்தில் குடையை விரிக்காமலே வீட்டுக்கு வந்தேன். சாத்தின கதவைப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து, "நன்னாப் போச்சு" என்று மெதுவாகப் பதில் வந்தது.

பதினோராம் நாள் காலையில் அவளே கதவைத் திறந்தாள். குளித்துத் தலையைத் துவட்டி முடிந்திருந்தாள். "போரும். ஊசியும் வரலை, ஃப்ளூவும் வரலை. குளிச்சுட்டு உள்ள வாங்கோ" என்றாள். முகம் வாடி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பிரிந்திருந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். அன்று ரசம் நன்றாகப் புளித்தது. என் நாக்கும் தேறிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி விட்டாள்.

மழை ஓய்ந்தது, ஃப்ளூவும் ஓய்ந்தது. ஊசி எங்கள் தெரு வரைக்கும் வரவே இல்லை.

ஆவணியில் சீமந்தம். பாலக்காட்டிலிருந்து இரண்டு பக்கத்து உறவுகளும் வந்து வீடு நிறைந்துவிட்டது. ஓடியாடிக்கொண்டிருந்ததில் பந்தியில் உட்கார எனக்கு நேரமில்லை. மூன்று மணிக்கு மேல் பசி தாங்காமல் சமையலறைக்குள் போனேன். மூலையில் ஒரு தூக்குப் பாத்திரம் மூடி வைத்திருந்தது. நம் வீட்டுப் பருப்பு ரசம்தானே என்று ஒரு டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன்.

பெருங்காயம். பச்சைமிளகாய். துளிப் புளிப்பு இல்லை.

என் நாக்கு மறுபடியும் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் பதறினேன். அப்போது பின்கட்டு வழியாக அடுத்த வீட்டுக் கொங்கணி மாமி உள்ளே வந்தார். கிணறு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. டம்ளரும் கையுமாக என்னைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மற்ற வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காதவன் என்று எனக்குப் பேர்.

"அது... எங்க வீட்டு ரசம், புளி சேர்க்கறதில்ல. குட்டிக்குப் பிடிக்கும்னு கொண்டுவந்தது" என்றார் தயங்கித் தயங்கி. என் மனைவியை அவர் குட்டி என்றுதான் கூப்பிடுவார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். இந்த ருசியை நான் நாலு நாள் சாப்பிட்டிருக்கிறேன். அந்த நாலு நாளும் சமைத்தவர் இவர். அப்படியென்றால் என் வீட்டில் சமைக்க வேண்டியவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சாத்தின கதவு, ஒட்டின கன்னம், உதறாத தெர்மாமீட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அந்த நூற்று மூன்று யாருடையது என்று எனக்குத் தெரிந்துபோனது.

உறவுக்காரர்கள் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். அவள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். மறைக்கவில்லை.

"நாலு நாள். மூணாம் நாள்தான் ரொம்பப் படுத்தித்து. நீங்க ஆபீஸ் போயிருக்கச்சே எடுத்து வெச்சுப் பாத்தேன். கண்ணு இருட்டிண்டு வந்தது, உதற ஓர்மையில்லை. மாமிக்கு முன்னாடியே வந்து போயிடுத்து, அதனால எனக்கு ஒண்ணும் பேடியில்லை, பயமில்லைன்னு சொல்லி கூடவே இருந்தா. டாக்டரம்மாவையும் அவாதான் கூட்டிண்டு வந்தா. குழந்தை நன்னாயிருக்குன்னு சொல்லிட்டுப் போனா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களை யாரு பாத்துக்கறது?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதைத்தான் யோசித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. அவளும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற சந்தோஷம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. நான் நேரே அடுத்த வீட்டுக்குப் போய் மாமியை நமஸ்காரம் பண்ணினேன். அவர் பதறி எழுந்துவிட்டார்.

மார்கழியில் பெண் பிறந்தாள். நான் சொல்லி அவள் தள்ளிய பேர்களில் ஒன்றைத்தான் வைத்தாள்.

அறுபதுகளின் கடைசியில் இன்னொரு ஃப்ளூ உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. இதற்கும் ஊசி இருக்கிறது, வரப்போகிறது என்று பேப்பரில் போட்டார்கள். நான் கப்பலைப் பார்க்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் ஜுரத்தோடு வந்து படுத்தாள். என் மனைவி ஜீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெள்ளம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாசலறையில பாய் போடட்டுமா?" என்று என்னைக் கேட்டாள். பதினோரு வருஷமாக அந்தக் கேலி ஓயவில்லை.

எனக்கு உள்ளூர உதறல்தான். பயம் எங்கே போகும்? ஆனால் மகளின் தலைமாட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். தெர்மாமீட்டரைக் கழுவி உதறி, மகளுக்கு வைத்துப் பார்த்தேன். நூற்றொன்று. திரும்பக் கழுவி, திரும்ப உதறி, மனைவியிடம் திரும்பினேன்.

"நீ வாயைத் திற."

"எனக்கு ஒண்ணுமில்லை."

"நீ சொல்ல வேண்டாம், இது சொல்லட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். ஜுரத்தோடு மகள் சிரித்தாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. உதறிவிட்டு, இன்னொரு தரம் வைத்தேன்.