பெரிய வியாழன் பச்சைக் கம்போ

பெரிய வியாழனன்று லியோன்டீன் கடையில் பச்சைக் கம்போ என்கிற கீரைக் குழம்பைக் குடிக்காவிட்டால் ட்ரெமே தெருக்காரர்களுக்கு ஈஸ்டரே பிறக்காது. அதில் கீரை வகைகள் ஒற்றைப்படையில் விழ வேண்டும். எத்தனை கீரையோ அத்தனை புதுச் சிநேகிதம் அந்த வருஷம் கிடைக்கும் என்பது நியூ ஆர்லியன்ஸ் ஐதீகம். லியோன்டீன் வருஷா வருஷம் ஒன்பது போடுவாள். கிடைத்ததென்னவோ எதிர்வீட்டு ஒடேலியாவின் வாய்தான். அவளும் சமையல்காரி, மாதாகோவில் விருந்துகளுக்குச் சமைப்பவள்.

"உன் கம்போவுல கரண்டி நட்டுக்கிட்டு நிக்குதேடி, செவுத்துக்குப் பூசவா?" என்று கேட்காமல் அவள் கிண்ணத்தைத் தொட்டதில்லை.

இந்த வருஷம் லியோன்டீனுக்கு வேறொரு கவலை. குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகிறபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. காப்பியும் ஒன்றுதான், கழுநீரும் ஒன்றுதான். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. வாசனை தெரியாத சமையல்காரியின் கடையில் எவன் வந்து உட்காருவான்? பாவம், வாய்விட்டு அழக்கூட வழியில்லை அவளுக்கு.

கம்போவுக்கு உயிரே 'ரூ'தான். எண்ணெயில் மாவைப் போட்டு, நகராமல் கிண்டிக் கிண்டிச் சிவக்க வைப்பது. அதன் பக்குவத்தை மூக்குதான் சொல்லும். துளி தீய்ந்தாலும் அண்டா முழுக்கக் கசந்துபோகும்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கீரை வேகிற ஆவி மூக்குக்கண்ணாடியை மூட, லியோன்டீன் குத்துமதிப்பாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். வம்புக்கென்றே அடுக்களைக்குள் வந்த ஒடேலியா சட்டென்று மூக்கைப் பொத்தினாள். மாவில் கரும்புள்ளிகள். லியோன்டீனோ ஒன்றும் நடக்காததுபோலக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒடேலியாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன, தீயற வாடை?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

லியோன்டீன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குள் பார்த்தாள்.

"நான்தான்! கை தவறி அடுப்புல எண்ணெயக் கொட்டிட்டேன்! போய் உக்காருங்கய்யா!" என்று கத்திய ஒடேலியா, சட்டியைத் தூக்கிப் பின்வாசல் படியில் வைத்தாள். "வேற சட்டி எடுடி. என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"உன்கிட்டயா? ஊரெல்லாம் தமுக்கடிக்கவா?"

ஒடேலியாவின் முகம் சுண்டிப்போனது. எண்ணெயை ஊற்றி மாவைப் போட்டாள்.

"கிண்டு. இன்னும் பச்சை வாடை போகல... இப்ப கடலை வறுக்கற வாசனை... கிண்டுடி, கையில என்ன சுளுக்கா? ம், இப்பக் கொட்டு வெங்காயத்த!"

அன்றைய கம்போவை ஆளாளுக்கு இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். லியோன்டீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

"திங்கக்கிழமை செவப்பு பீன்ஸ் போடறப்பவும் வருவேன். குறை சொல்ல ஆள் வேணாமா?" என்று கிண்ணத்தை வழித்த ஒடேலியா, எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்பது கீரைதானே போட்ட? இன்னும் எட்டுப் பேரத் தேடிக்கோ."