நின்றுகொண்டு தின்றது கணக்கில்லை

ராஜாம்பாள் அக்கா உடம்பு இளைத்த கதையை ஊரில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதி என்கிறாள் ஒருத்தி, செய்வினை என்கிறாள் இன்னொருத்தி. கூடவே நின்று பாத்திரம் கழுவியவள் நான். என்னைக் கேட்காமல் இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அக்கா சமையல்காரி, நான் உதவியாள். பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேருமே ஆயாதான். அக்கா பிறந்தது கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். மூட்டை தூக்குகிற அப்பாவுக்கு ஐந்து பெண்ணில் நாலாவது. கல்யாணமாகி வந்தபோது ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு. அதன் பிறகுதான் மூன்று வேளை அரிசிச்சோறு கண்டாள், சதை போட்டாள். அந்தச் சதையில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்கம்மாளுக்கு எலும்பு தெரிஞ்சிது. எனக்கு எங்க இருக்குதுன்னே தெரியல பாரு" என்று கையை நீட்டிக் காட்டிச் சிரிப்பாள். யாராவது 'குண்டு' என்றால் கோபப்பட மாட்டாள். 'இளைச்சிட்டியே' என்றால்தான் கோபம் வரும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. ஒரே மகள் பெரியநாயகி, கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு வருஷத்துக்கு முன்னால் கால் வீங்கிப் படுத்தாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்புதான், குழம்பு, மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டில் யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். அப்பன் பொன்னுரங்கம் சர்க்கரைக்காரர், அவர் கிட்னி ஆகாது. அக்காவுடையது சேர்ந்தது. சேர்ந்ததே என்று மாரியாத்தாவுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனால், பட்டணத்துப் பெரிய டாக்டரம்மா எடை மெஷினில் ஏற்றி நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "இந்த எடைல ஆபரேஷன் பண்ணா உங்களுக்கே ஆபத்தும்மா. எண்பதுக்குக் கீழ வந்தாத்தான் பேச முடியும்." அக்கா அப்போது தொண்ணூற்றிரண்டு.

ஊருக்கு வந்தவுடனே ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். காலையில் இட்லியை நிறுத்தினாள். வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் என்று ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்துப் போய் மெஷினில் ஏறினால் முள் அசையவே இல்லை. டாக்டரம்மா, "நீங்க சாப்பிடறீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"நான் பொய் சொல்றேனாம்டி ரங்கம்மா! பெத்த புள்ள உசுரு இது, இதுல போயி நான் பொய் சொல்லுவனா? சோத்துல கை வச்சி ஒரு மாசம் ஆவுது, அந்தப் படிச்சவளுக்கு இன்னா தெரியும்?"

இதைச் சொல்லும்போது அக்கா அண்டா அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் தட்டுப் போட்டு உட்கார்ந்து தின்றால்தான் சாப்பாடு. நின்றுகொண்டு வாயில் போட்டதையெல்லாம் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. பத்து மணிக்கு உலையிலிருந்து பருக்கை எடுத்து நசுக்குவாள், அப்புறம் வாயில் போடுவாள். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் சமைத்தவள் ருசி பார்க்க வேண்டும் என்பது எங்கள் கூடத்துச் சட்டம். உள்ளங்கை நிறைய சோறு, மேலே குழம்பு, உப்பு சரியா என்று ஒரு வாய், புளி சரியா என்று இன்னொரு வாய். கடைசியில் காந்தல். வீட்டில் போய், "காலைலருந்து பட்டினி" என்பாள், மனசாரச் சொல்வாள்.

"அக்கா, இப்ப வாயில போட்டியே அது இன்னா?"

"எது?"

"காந்தல்."

"அடிப்போடி இவளே. நின்னுக்கினு துன்னது ஒரு சாப்பாடா?"

"வயித்துக்கு நீ நின்னியா குந்தினியான்னு தெரியுமா?"

கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.  மறுநாளிலிருந்து ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

அன்றிலிருந்துதான் உண்மையான பசி ஆரம்பித்தது. பசி என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். கொதிக்கிற சாம்பார் ஆவி முகத்தில் அடிக்க, வயிறு காலியாக நின்று நூறு பிள்ளைகளுக்குக் கிளறிப் பார்த்தால் தெரியும்.  அக்கா வயிறு உறுமுவது எனக்குக் கேட்கும். தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் மகள் முன்னால் சொம்பைத் தூக்க இவளுக்கு மனசு வராது. கொல்லைப்பக்கம் போய் ஒளிந்து குடிப்பாள். உள்ளே ஒருத்தி தாகத்தில் சிடுசிடுப்பாள், வெளியே இவள் பசியில் சிடுசிடுப்பாள். நடுவில் பொன்னுரங்கம் மாமா வாயைத் திறக்காமல் கரும்புக்காட்டுக்கு ஓடிவிடுவார்.

கோபம் என்றால் சாதாரணக் கோபமா? விறகு ஈரமாக இருந்தால் விறகைத் திட்டுவாள். காக்கையைத் திட்டுவாள். ஒருநாள் உப்புக் கம்மி என்று நான் சொன்னதற்கு, "உன் நாக்க அறுத்து அடுப்புல போடணும்" என்றாள். நானும் சும்மா விடுகிறவள் இல்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். ஆனால் எடை இறங்கியது. தொண்ணூறு, எண்பத்தேழு, எண்பத்து நாலு. தை பிறந்தபோது ரவிக்கை தோளில் நழுவியது. தெருவில் கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை, முறைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மாசியில் அது நடந்தது. கரும்பு வெட்டுக்கு மலையிலிருந்து ஆட்கள் இறங்கியிருந்தார்கள். வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பங்கள். காட்டோரம் காய்ந்த கரும்புச் சோகையில் கொட்டகை போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கொஞ்ச நாளைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். அதில் இருசாயி என்று ஒரு பெண், இரண்டாம் வகுப்பு. காய்ந்த மிளகாய் மாதிரி இருப்பாள், ஆனால் நன்றாகத் தின்பாள். எப்போதும் இரண்டாம் தடவை வருவாள். வந்த புதிதில் அக்கா அவளுக்கென்றே ஒரு கரண்டி ஒதுக்கி வைப்பாள். "துன்னு கண்ணு, வளர்ற புள்ள" என்பாள்.

அன்றைக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போக நாலே நாள் இருந்தது. இன்னும் இரண்டு கிலோ இறங்க வேண்டும் என்று அக்கா முந்தின ராத்திரி முட்டையைக்கூடத் தொடவில்லை. இருசாயி தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஆயா" என்றது. அக்கா காதில் விழாதது போல இருந்தாள். "ஆயா, இன்னும் கொஞ்சம்" என்று புடவையைப் பிடித்து இழுத்தது.

"எவ்ளோ துன்னுவ? எந்நேரமும் துன்னு துன்னுன்னு!"

கரண்டிக் காம்பால் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி. தட்டு எகிறி விழுந்தது. மிச்சம் இருந்த சோறு மண்ணில் சிதறியது. பிள்ளை அழவில்லை, உட்கார்ந்து மண்ணிலிருந்து பருக்கையைப் பொறுக்கத் தொடங்கியது.  "பாவி, இன்னா காரியம் பண்ண!" என்று கத்தினேன். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாள் இருசாயி வரவில்லை.

இந்த மாதிரி சேதி நடந்து வருமா, பறந்துதான் வரும். பெரியநாயகி காதுக்கும் போய்விட்டது. சாயந்தரம் நான் போனபோது, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அந்தப் புள்ள வாய்ச்சோத்த மண்ணுல தட்டிவுட்டுட்டு, எனக்கு இன்னாத்துக்குமா கிட்னி? எனக்கு வேணாம். நாளைக்கு ரத்தம் சுத்தம் பண்ணவும் நான் வரமாட்டேன்."

"பைத்தியமாட்டம் பேசாதடி."

"நான் ஒழுங்காத்தான் பேசறேன். அந்தப் புள்ள திரும்ப வந்து உன் கையால துன்னட்டும், அப்பறம் வரேன்."

சொன்னபடியே மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாள். ஒரு தடவை தவறினாலே அவளுக்கு முகம் ஊதும், மூச்சு வாங்கும். பொன்னுரங்கம் மாமா கெஞ்சினார், நான் திட்டினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மதியத்துக்குள் கண்ணிமை தடித்துவிட்டது. அக்கா எழுந்து முடியை முடிந்துகொண்டு, "வாடி ரங்கம்மா" என்றாள்.

கரும்புக்காட்டோரக் கொட்டகையில் இருசாயியின் அம்மா ஆயம்மாள் அப்போதுதான் வெட்டு முடித்து வந்து சமைத்து இறக்கியிருந்தாள். மலையிலிருந்து கொண்டுவந்த சாமையில் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு. வாசனை தூரத்திலேயே தூக்கியது. எங்களைப் பார்த்ததும் இருசாயி அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கைமணிக்கட்டில் நீலம் பாரித்திருந்தது.

"அடிச்சது நான்தாம்மா" என்றாள் அக்கா. "தப்பு. பெரிய தப்பு. புள்ளய அனுப்பு. இனிமே என் கை ஓங்காது."

ஆயம்மாள் கோபப்படவில்லை, சண்டையும் போடவில்லை. கொட்டகைக்குள் பாயை விரித்தாள். "எங்க மலைல ஒரு மொற இருக்குதுங்க. மனசு கசந்தவங்க வூட்டுல வந்து கை நனைக்கணும். கை நனைக்காம வாயால சொல்ற சமாதானத்த நாங்க எடுத்துக்கறதில்லைங்க" என்று சொல்லித் தட்டு வைத்தாள்.

எனக்குப் பக்கென்றது. மறுநாளுக்கு மறுநாள் மெஷினில் ஏற வேண்டும். "இல்லம்மா, அக்காவுக்கு டாக்டரு..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவள் கிள்ளியதும் சரிதான். டாக்டர் என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கொட்டகைச் சோற்றில் கை வைக்க மனசில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அக்கா உட்கார்ந்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு சம்மணம் போட்டு, தட்டு முன்னால். முதல் வாயை வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. குழம்பு காரமோ என்று ஆயம்மாள் பதறினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டுத் தின்றாள். வேகவேகமாகத் தின்றாள், அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. தட்டு காலியானது. அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அவள் கை தானாகத் தட்டைத் தூக்கி நீட்டியது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஆயம்மாள் எழுவதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து இருசாயி வந்தது. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, நிறைய அள்ளி, சிந்தாமல் அந்தத் தட்டில் போட்டது. "துன்னு ஆயா" என்றது. அக்கா பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டாம் தட்டை இருவரும் சேர்ந்து தின்றார்கள்.

திரும்பும்போது, "எதுக்குக்கா அப்படி அழுத?" என்று கேட்டேன்.

"பாவம் பண்ணிட்டமேன்னு பாதி. மீதி அந்தக் கொழம்புடி. சோறு இவ்ளோ ருசியா இருக்கும்னு மறந்தே போயிட்டேன்."

மறுநாள் இருசாயி பள்ளிக்கூடத்துக்கு வந்தது, இரண்டு தடவை வாங்கித் தின்றது. பெரியநாயகி வாக்குத் தவறாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

அதற்கடுத்த நாள் பட்டணத்துக்கு அம்மா, மகள் இருவரோடும் நானும் கூடப் போனேன். அக்கா செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறினாள். எண்பத்தொன்று. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு தட்டுச் சோறு ஒரு கிலோ ஆகாது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் எரிந்தது. டாக்டரம்மா முன்னைப் போல உதட்டைப் பிதுக்கவில்லை. "நல்லாக் கொறைச்சிருக்கீங்க. இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம். இப்ப என்னம்மா சாப்பிடறீங்க?" என்றார்கள்.

"வெள்ளரிக்கா, முட்ட, மோருங்க. முந்தாநேத்து மட்டும் ரெண்டு தட்டு சோறுங்க. குந்திக்கினு துன்னேன். அதையும் கணக்குல வச்சிக்கோங்க."

இன்னும் ஒரு மாதம். அக்காவுக்கு ஒரு மாதம் பசி, மகளுக்கு ஒரு மாதம் தாகம். அதற்குள் எது வேண்டுமானாலும் ஆகலாம் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒருபக்கம் பரோட்டாக் கல் சத்தம், மறுபக்கம் கரும்புச்சாறு வண்டி. அம்மாவும் மகளும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பெரியநாயகி வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னியாமே? ரங்கம்மா சித்தி சொல்லிச்சி."

"அவ வாய்ல புண்ணு வர."

"நல்லா இருந்திச்சா?"

"இருந்திச்சு" என்றாள் அக்கா, வேண்டாவெறுப்பாக.

பெரியநாயகி வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "வெட்டு முடிஞ்சா அவங்க மலைக்குப் போயிடுவாங்க இல்லமா? எனக்கு நல்லானதும் என்னையும் அங்க கூட்டிக்கினு போ. அந்தப் புள்ள கையால ஒரு பெரிய சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கணும். நிறுத்தாம, மடக் மடக்குன்னு."

வேணாம், வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்த பெண்ணின் வாயிலிருந்து அது வந்தது.  அக்கா மகள் பக்கம் திரும்பவே இல்லை. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதட்டினாள்.

"வாய மூடிக்கினு வாடி. பேசினா தாகம் எடுக்கும்."