தெற்குக் காற்றும் ஏழு நிமிடமும்

ஓஸ்லோவில் குன்வோர் இருபத்தாறு ஆண்டுகளாக விமானங்களின் பயண நேரத்தைக் கணக்கிடுகிறாள். தூரம் வரைபடத்துக்கு உரியது, நேரம் காற்றுக்கு உரியது என்பதைத் தவிர அவள் வேறெதையும் உறுதியாக நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று வடக்கே உள்ள ட்ரோம்ஸோவிலிருந்து ஒரு சிறிய விமானம், ஓஸ்லோவில் காத்திருந்த நோயாளிக்குப் பொருத்த ஓர் இதயத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. தூரம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அவள் கணக்கில் ஒரு மணி நாற்பது நிமிடம். பிற்பகல் இரண்டு பத்துக்குள் இறங்காவிட்டால் இதயம் பயன்படாது.

விமானி எய்லிஃப் வானொலியில் அழைத்தான். "குன்வோர், தெக்குக் காத்து மூஞ்சியிலயே அடிக்குது. எறங்க ரெண்டு பதினாறு ஆயிடும்."

"உன் பாட்டைக் கேக்க நேரமில்ல. எந்தப் பக்கமா எறங்கப் போறே?"

"நீதானே எழுதிக் குடுத்தே? சுத்திப் போய், தெக்க இருந்து."

அவள் தாளைப் பார்த்தாள். வடக்குக் காற்று வீசுமென்று நினைத்துக் காலையில் எழுதியது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று தெற்கிலிருந்து வந்தால், வடக்கிலிருந்து வருபவன் சுற்றாமல் நேராகவே இறங்கலாம்.

"என் தப்பு. சுத்தாதே, நேரா வா. அனுமதி நான் வாங்குறேன்."

"இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் தப்பை ஒத்துக்கறே!"

"வாயை மூடிட்டு ஓட்டு."

அனுமதி கிடைத்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது மணி இரண்டு ஒன்பது. ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகே, மேசையில் காய்ந்து கிடந்த தன் பாலாடைக்கட்டி ரொட்டியை அவள் கவனித்தாள். அதைக் கடித்தபடியே பழைய தாளை அடித்துத் திருத்தினாள்.